இந்த வருஷமும் நாம போறதில்ல

1

செப்டம்பர் 14, தென்கொரியாவின் பூசான். பத்து அணிகள் ஆடும் பேஸ்பால் லீகில் எங்கள் அணி ஆறாம் இடத்தில் இருந்தது. ஐந்தாம் இடத்துக்கு இரண்டு ஆட்டம் பின்னால். மீதம் பதினோரு ஆட்டங்கள்.

முதல் ஐந்து அணிகளுக்குத்தான் அக்டோபர் உண்டு. மற்ற ஐந்துக்கும் செப்டம்பரோடு வருஷம் முடிந்துவிடும்.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்ன இருவரில் நானும் ஒருவன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதினால் திருப்பம் போலத் தெரியும், அந்தப் பொய்க்கு அவ்வளவு யோக்கியதை கிடையாது. அணியின் பெயரை எழுதப்போவதில்லை.*

* மூடநம்பிக்கைதான். பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷம் அந்தப் பெயரைத் தினமும் எழுதினேன். பலன் ஊருக்கே தெரியும்.

2

தொடக்கம், முதல் வரைவு: "துறைமுகத்திலிருந்து வந்த காற்றில் மழையின் வாசனை இருந்த அந்த நாளில், ஓக் தேசிக்கின் இதயம் –"

வேண்டாம். இதயம் என்று தொடங்கினால் வாசகர் உருவகம் தேடப் போய்விடுவார். தேசிக் அண்ணனின் இதயத்தில் ஒரு வால்வு சரியாகத் திறக்கவில்லை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் வரைவு: ஓக் தேசிக், வயது அறுபத்திரண்டு. யோங்தோ தீவில் பழுதுபார்க்க வரும் கப்பல்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒப்பந்தக்காரர். வருஷம் முடிவதற்குள் வால்வை மாற்றியாக வேண்டும் என்று மே மாதம் டாக்டர் சொன்னார். தேதியை நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். அண்ணன் அக்டோபர் 2 என்றார். ஏன் அந்தத் தேதி என்று நர்ஸ் கேட்டதற்கு, "அப்போ எங்களுக்கு வேலை இருக்காதும்மா" என்றார். வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு நோயாளிகள் சிரித்தார்களாம்.

மே மாதம் நாங்கள் ஒன்பதாம் இடத்தில் இருந்தோம்.

3

ஆகஸ்டில் அணி ஜெயிக்கத் தொடங்கியது. (எப்படி என்று முக்கால் பக்கம் எழுதி அடித்துவிட்டேன். எனக்கே தெரியாது.)

செப்டம்பர் 15, திங்கள், ஆட்டமில்லாத நாள். காலையில் அண்ணி எங்கள் இருவரையும் கடைக்குக் கூப்பிட்டார். அண்ணி என்றால் தேசிக் அண்ணனின் மனைவி, பியோன் மால்சுன். அவருடைய பன்றி சூப் கடையில்தான் நாங்கள் ஆட்டம் பார்ப்பது. இருவர் என்றால் நானும், டாக்சி ஓட்டும் தாக் கிபோங்கும்.

அண்ணி வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவே இல்லை.

"ஆபரேஷனை நவம்பர் கடைசிக்குத் தள்ளணுங்கறாரு. அக்டோபர்ல உங்க ஆட்டம் இருக்குமாம். டாக்டரு கூடவே கூடாதுங்கறாரு. நான் சொன்னா ஏறுமா? நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது அண்ணி?" என்றார் கிபோங்.

"உங்க டீமு தேறாதுன்னு."

கிபோங் என்னைப் பார்த்தார். நான் உப்பிட்ட இறால் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"அண்ணி, வேற ஏதாவது சொல்லச் சொல்லுங்க. சிகரெட்டை விடச் சொல்றேன். கால்ல வேணா விழறேன். இத எப்படி என் வாயால..."

"முப்பது வருஷமா ஏப்ரல் வந்தா கப்பு நமக்குத்தான்னு சொன்ன வாய்தானே தம்பி? ஒரு தடவை உண்மையச் சொன்னா கோணிக்காது."

4

கிபோங்கை ஒரு பாத்திரமாக எனக்கு நம்ப முடியவில்லை. நானே கற்பனை செய்திருந்தால், இப்படி வெறி பிடித்த ரசிகனுக்கு ஓர் இழப்பை, ஒரு பழைய காயத்தைக் கொடுத்திருப்பேன். அவருக்கு அப்படி எதுவும் கிடையாது. நல்ல மனைவி, நன்றாக ஓடும் வண்டி, மாமியாரோடுகூடச் சண்டையில்லை. வண்டியின் வெயில் மறைப்பில் சாத்தியக் கணக்குகளைப் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்: நாம் இத்தனை ஜெயித்து அவர்கள் இத்தனை தோற்றால். சிக்னலில் நிற்கும்போது பயணிகளுக்கு வாசித்துக் காட்டுவார். விமான நிலையம் போகிற அவசரத்தில் இருப்பவர்களும் தப்பியதில்லை.

அப்படிப்பட்டவர் மறுநாள் ஆட்டம் தொடங்குமுன் தேசிக் அண்ணனின் எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"இந்த வருஷமும் நாம போறதில்லண்ணே."

"ஏண்டா?"

"எறியறதுக்கு ஆள் எங்க இருக்கு? இருக்கிறதுல நல்லா எறியற பையனுக்கு முழங்கை வலியாம். நிருபருக்குத் தெரியும்."

நான் தலையாட்டினேன். அந்த முழங்கைக்கு ஒரு குறையும் இல்லை.

"பதினொண்ணுல எட்டு ஜெயிக்கணும்ணே. நம்ம பயலுகளா?"

"எட்டு எதுக்கு? அந்த அஞ்சாம் இடத்துக்காரங்க ஏழு தோத்தா நமக்கு ஆறு போதும்."

"அவங்க எதுக்கு ஏழு தோக்கப் போறாங்க?"

"நாம தோத்ததில்லையா?"

அன்று நாங்கள் ஜெயித்தோம், நாலுக்கு மூன்று.

5

மறுநாளும் கிபோங் வந்து சொன்னார். மறுநாளும் ஜெயித்தோம். அடுத்த மூன்று ஆட்டங்களும் அப்படியே.

நாங்கள் செய்த தவறு இங்கேதான். "போகிறோம்" என்று முன்கூட்டிச் சொன்னால் அணி தோற்கும், "போறதில்லை" என்றால் ஜெயிக்கும் என்பது இந்த ஊரில் பாலர் பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். பொய் சொல்லும் பதற்றத்தில் மறந்துவிட்டோம். அண்ணன் மறக்கவில்லை.

"நீ சொல்ல ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணுகூடத் தோக்கலடா," என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். படிகளில் ஏறினால் மூச்சு வாங்கும் மனிதர். "நிறுத்திடாத. சொல்லிக்கிட்டே இரு."

ஆறாவது ஆட்டத்தன்று கிபோங்குக்குத் தேகு நகரம் வரை சவாரி, வரவில்லை. ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். ஏழாவதற்கு அண்ணனே போன் செய்தார். "வண்டிய எங்க வேணா நிறுத்துடா. வந்து சொல்லிட்டுப் போ."

வந்து சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்தோம். எட்டாவதிலும் ஜெயித்தோம்.

(இந்த இடத்தில் தற்செயல், நிகழ்தகவு என்று ஒரு பத்தி இருந்தது. அதை நம்புகிறவர்களுக்கு அது தேவையில்லை, மற்றவர்கள் படிக்கமாட்டார்கள்.)

6

செப்டம்பர் 28, ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி ஆட்டம். அதையும் சேர்த்து மீதம் மூன்று. ஐந்தாம் இடத்துக்கு அரை ஆட்டம் தூரம். தேதியை மாற்றுவதானால் மறுநாள் மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். சொல்லப்போவதாக அண்ணன் காலையிலேயே அறிவித்துவிட்டார். அண்ணி அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

கடையில் உட்கார இடமில்லை. அண்ணி கிபோங்கின் முன்னால் சூப்பை வைத்து, "சூடா இருக்கு தம்பி, பாத்து" என்றார்.

"சரி, சொல்லு," என்றார் அண்ணன்.

கிபோங் சூப்பைக் கிளறினார்.

"டேய், முதல் பந்து போடப் போறான். சொல்லு."

அப்போது கிபோங்கின் முகத்தில் நான் கண்டது –

இல்லை. நான் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். கிபோங் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"இந்த வருஷம் நாம போறோம்," என்றார்.

பக்கத்து மேசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நிச்சயமாப் போறோம். அஞ்சாம் இடம்கூட இல்ல, நாலாம் இடம். டிக்கெட்டுக்குச் சொல்லி வச்சாச்சு. மாமியாருக்கும் சேத்து."

யாரோ தரையில் மூன்று தடவை துப்பினார். "யோவ் டாக்சி, வாயக் கழுவுய்யா," என்றது ஒரு குரல். "வெளிய அனுப்புங்கய்யா அந்த ஆள," என்றது இன்னொன்று. ஒருவர் சாப்ஸ்டிக்கை விட்டெறிந்தார். அது என் தோளில் பட்டது.

தேசிக் அண்ணன் கிபோங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"என்னடா பண்ணித் தொலச்சிட்ட?"

"தெரிஞ்சேதாண்ணே."

"நீயாடா?"

"ஆட்டம் அடுத்த வருஷமும் இருக்குண்ணே."

கிபோங் உட்கார்ந்தார். சூப்பைத் தொடவில்லை.

7

இனி முடிவு. தோற்றோம் என்று ஒன்று எழுதிப் பார்த்தேன்: கிபோங் பத்து நாள் கடைப்பக்கம் வரவில்லை, வெயில் மறைப்பில் இருந்த கணக்கையெல்லாம் ரப்பரால் அழித்தார். படிக்க நன்றாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. ஜெயித்தோம் என்று இன்னொன்று: கடையில் முன்பின் தெரியாதவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு – அது மூன்றாவது வரியில் நின்றுவிட்டது.

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எழுதமாட்டேன். தோற்றோம் என்றால், அந்த வாயால்தான் தோற்றோம் என்று நீங்களும் சொல்வீர்கள். ஜெயித்தோம் என்றால், அவர் எழுந்து நின்றது வெறும் வேடிக்கையாகிவிடும். இரண்டும் கிபோங்குக்குச் செய்யும் அநியாயம். ஆட்டத்தை நீங்களே ஆடி முடித்துக்கொள்ளுங்கள். ஏழாவது இன்னிங்ஸில் மூன்றுக்கு மூன்று, அதுவரை சொல்கிறேன்.

அதே ஏழாவது இன்னிங்ஸில்தான் அண்ணன் எழுந்து, மேசைகளைப் பிடித்துக்கொண்டே அடுக்களை வாசலுக்குப் போனார்.

"இந்தா, நாளைக்கு போன் பண்ணல," என்றார்.

அண்ணி அடுப்பைத் தணித்தார். "பண்ண மாட்டீங்களா, பண்ணலையா?"

"பண்ண மாட்டேன். அவனுக்கு வேற சூப் ஊத்திக் குடு, ஆறிப்போச்சு."

அக்டோபர் 2, காலை ஏழரை மணிக்கு ஓக் தேசிக்கை அறுவை சிகிச்சை அறைக்குள் கொண்டுபோனார்கள். மதியம் ஒன்றே காலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். வால்வு மாற்றப்பட்டிருந்தது.