ஐந்தாவது பேட்டி

அம்மாவும் மகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள் என்றால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். படித்துப் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

அம்மாவுக்கு மருத்துவமனையில் ரெக்கார்டு ரூம் வேலை. இருபத்திரண்டு வருடமாக நோயாளிகளின் ஃபைல்களோடுதான் குடித்தனம். மூன்று வருடத்துக்கு முன் என்ன தோன்றியதோ, தகவல் அறிவியல் முதுகலையில் சேர்ந்துவிட்டாள். வேலை முடிந்து மாலை வகுப்பு, பருவத்துக்கு ஒரு பாடம், ஆமை வேகம். மகள் அதே கல்லூரியில் இளங்கலை மூன்றாம் வருடம். நான்கு வருட இளங்கலை, இரண்டு வருட முதுகலை இரண்டையும் சேர்த்து, ஆறு வருடப் படிப்பை ஐந்தில் முடித்துவிடும் துரிதத் திட்டம் ஒன்று அங்கே இருந்தது. அதில் இடம் வாங்கி, முதுகலைப் பாடம் ஒன்றை இப்போதே எடுத்துக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை மாலை அவள் அம்மாவின் வகுப்புக்குள் நுழைந்தாள்.

"நான் மூச்சு வாங்க ஏறின மாடிக்கு நீ லிஃப்ட்ல வந்துட்டியேடி" என்றாள் அம்மா.

"அடுத்த வருஷம் உன்னைத் தாண்டிப் போயிடுவேன். கொஞ்சம் ஒதுங்கி நில்லும்மா."

இருவர் இருவராகச் சேர்ந்து ஆய்வு செய்யச் சொன்னார் பேராசிரியர். இவர்களை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருத்திக்கு வயது அதிகம், இன்னொருத்திக்கு வயது போதாது. கடைசியில் இரண்டு பேரும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

விசாரணைக் கவுண்டரில் உட்காருகிறவர்கள் மக்களுக்குச் சொல்லும் பதிலை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஐந்து பேரைப் பேட்டி எடுக்க வேண்டும். குறைந்தால் பத்து மதிப்பெண் போகும். இந்தப் பாடத்தில் எழுபத்தைந்து எடுக்காவிட்டால் மகள் துரிதத் திட்டத்திலிருந்து வெளியே. மறுபடி நுழைய வழியே கிடையாது. அம்மாவுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அவள் தோற்றால் அடுத்த பருவம் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

நான்கு பேட்டிகள் சப்பென்று போயின. நால்வரும், "கம்ப்யூட்டர்ல பார்ப்போம், சொல்லுவோம்" என்று முடித்துவிட்டார்கள். ஐந்தாவதாகக் கிடைத்தவள்தான் பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டர்க்காரி. தலைக்கு மேலே தொங்கும் திரையில் வரும் நேரம் பாதிக்குப் பாதி தப்பாம். அதனால் ஒரு நோட்டில் அத்தனை ஓட்டுநர்களின் ஃபோன் நம்பரையும் எழுதி வைத்துக்கொண்டு, அவளே கூப்பிட்டுக் கேட்டுச் சொல்கிறாளாம்.

"ஸ்கிரீனை நம்பிப் பதில் சொன்னா சனங்க என்னைத்தானே அடிக்க வருவாங்க" என்று சிரித்தாள். மகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மொத்த அறிக்கையையும் அந்த நோட்டைச் சுற்றியே எழுத ஆரம்பித்துவிட்டாள்.

புதன்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஃபோன் வந்தது.

"அக்கா, நான் பேசினதை எடுத்துடுங்க" என்றாள் கவுண்டர்க்காரி. குரல் இறங்கியிருந்தது.

"ஏம்மா, பேர் எதுவும் போடலையே நாங்க."

"பேர் இல்லாட்டி என்னக்கா? அந்தக் கவுண்டர்ல பகல் பூரா உட்கார்ந்திருக்கிறது நான் ஒருத்திதானே? ஸ்கிரீன் தப்புன்னு நான் சொன்னது மேல போச்சுன்னா என் வேலை என்ன ஆகும்? இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கு. எப்ப வேணா விலகலாம்னு கையெழுத்து வாங்கின காகிதத்துல போட்டிருந்தீங்கல்ல?"

"சரிம்மா. எடுத்துடறேன். கவலைப்படாதே" என்றாள் அம்மா. சொல்லும்போது அப்படித்தான் நினைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மகள் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததும் வராததுமாக, "அம்மா, இந்தப் பத்தியைக் கேளு" என்று நோட்டைப் பற்றி எழுதியதை வாசித்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள். பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். அம்மா வாயைத் திறந்தாள், பிறகு "டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குத் தூக்கம் எங்கே வரும்? கொடுத்து முடிக்கட்டும், பிறகு பேராசிரியரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். வகுப்புக்கு வெளியே யார் படிக்கப் போகிறார்கள் என்றும் சொல்லிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை.

வியாழக்கிழமை ரெக்கார்டு ரூம் ஜன்னலில் ஒரு ஆள் வந்து நின்றார். தம்பியின் ஃபைல் வேண்டுமாம்.

"கூடப்பிறந்தவன்தாங்க. நல்லதுக்குத்தான் கேட்கறேன்."

"கூடப்பிறந்தவரா இருந்தாலும் அவர் எழுதிக் கொடுக்கணும். அவர் விஷயத்தை அவரைக் கேட்காம நான் எடுத்துத் தர முடியாதுங்க."

வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாக்கியம், நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போன பிறகு அம்மாவுக்கு முகமெல்லாம் சுட்டது. ஊரான் தம்பிக்கு ஒரு நியாயம், தன் பெண்ணுக்கு ஒரு நியாயமா? அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

வீட்டுக்குப் போய்ப் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொல்லிவிட்டாள். மகள் முகத்தில் ஈயாடவில்லை.

"கையெழுத்துப் போட்டாங்கல்ல? அப்புறம் என்ன?"

அம்மா அந்த ஒப்புதல் தாளை அவள் முன்னால் நகர்த்தினாள். பதில் அந்தக் கையெழுத்துக்கு மேலேயே இருந்தது. "எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்." மகளே உட்கார்ந்து அடித்த வரி. அவள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"ஃபோன் எப்ப வந்துச்சு?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து நான் வாசிச்சுக் காட்டினப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டி."

"அப்பவே சொல்லியிருந்தா இன்னைக்கு முழுக்க வேற ஆளைத் தேடியிருப்பேனே! எனக்காகன்னு மறைச்சு எனக்கே ஆப்பு வச்சியேம்மா."

அம்மாவுக்கு அழுகை வந்தது. தப்பு தன்னுடையது என்று தெரிந்து வரும் அழுகைக்கு ஆறுதல் சொல்ல யாரும் வர மாட்டார்கள். ஆனால் மகள் வந்தாள். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மடிக்கணினியை அம்மா பக்கம் திருப்பினாள்.

"நீயே அழி. உன்கிட்டதானே அவங்க சொன்னாங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அழித்தாள். பதிவு போயிற்று, எழுத்து வடிவம் போயிற்று, அந்த நல்ல பத்தியும் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு கவுண்டர்களில் போய்க் கேட்டார்கள். இரண்டிலும் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். மிச்சமிருந்த நாலு பேரை வைத்தே மகள் எழுதி முடித்தாள். கடைசியில், "ஐந்தாவது நபர் விலகிக்கொண்டார். அவர் சொன்ன எதுவும் இதில் இல்லை" என்று சேர்த்தாள்.

"ஒன்றரை நாள் நான் மறைச்சதையும் எழுதிடு" என்றாள் அம்மா.

"அது நம்ம வீட்டு விஷயம். உன்னை நான் தனியா கவனிச்சுக்கறேன்."

அடுத்த வாரம் பேராசிரியர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அறிக்கையைப் புரட்டியபடி, "நாலு பேர்தான். பத்து மார்க் குறைச்சிட்டேன், அதுல மாற்றம் இல்ல" என்றார். "மொத்தம் எழுபத்தாறு."

மகள் மேசைக்கடியில் அம்மாவின் கையைப் பிடித்து நெரித்தாள். எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது, அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பேராசிரியர் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "இந்தப் பாடத்தைப் பதினோரு வருஷமா நடத்தறேன். விலகலாம்கிற வரியை எல்லாரும் போடறாங்க. ஒருத்தர் விலகிட்டார்னு எழுதி வந்தது இதுதான் முதல் தடவை."

வெளியே வந்ததும் மகள் துள்ளுவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். அவள் அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு தாழ்வாரம் முழுக்க மெதுவாக நடந்தாள். படிக்கட்டுக்கு வந்ததும் நின்றாள்.

"பதினோரு வருஷத்துல எத்தனை பேர் 'எடுத்துடுங்க'ன்னு ஃபோன் பண்ணியிருப்பாங்கம்மா?"