கிடப்பவளின் இடது கண்

மூன்றாவது முறையாக அப்பாவின் இடது இமையை இழுத்து மூடினாள் மரோத். விரலை எடுத்ததும் அது மெல்ல ஏறிப் பாதியில் நின்றது. உயிரோடிருந்தபோதும் அப்படித்தான். என்றோ கல்சில்லு தெறித்ததிலிருந்து அந்தக் கண் பாதிதான் திறக்கும், பாதிதான் மூடும். விடியற்காலையில் உயிர் போயும் அதன் பிடிவாதம் போகவில்லை.

வீட்டில் இடமில்லாததால் அப்பா கொலாரைச் சிற்பப் பட்டறையிலேயே கிடத்தியிருந்தார்கள். பக்கத்துப் பலகையில், வெள்ளைச் சலவைக்கல்லில், மடத்தைக் கட்டிவைத்த சீமாட்டி கிடந்தாள். கல்லறைமேல் வைக்கும் இப்படிப்பட்ட சிலையைத் துர்னே நகரத்துச் சிற்பிகள் ‘ஜீஸான்’ என்பார்கள். கிடப்பவர் என்று பொருள். கூப்பிய கை, காலடியில் நாய், நின்றுகொண்டிருப்பவளைப்போல நேராக விழும் அங்கி மடிப்பு, எல்லாம் முடிந்துவிட்டது. கண் மட்டும் பாக்கி. கொலார் அதைக் கடைசியில்தான் திறப்பார். உலகத்தின் கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது கிடப்பவர்கள் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா?

"மதியம் மடத்து வண்டி வந்துடும்க்கா," என்றான் தம்பி ஜாக்மார். "பக்கத்துப் பட்டறை கோசுவினைக் கூப்பிட்டு முடிச்சிரலாம்."

"அந்தாளா? அவன் வெட்டுற கண்ணு அவிச்ச முட்டை மாதிரி இருக்கும்னு அப்பா சொல்வாரே."

"வேற யாரு? நீயா?"

"நான்தான்."

"இருபது வருஷத்துல ஒரு நாள் உன்னைக் கண்ணுல உளி வைக்க விட்டாரா? அங்கி உன்னோடது, நாய் உன்னோடது. கண்ணுகிட்ட போனா கையைத் தட்டி விட்ருவார்."

உண்மைதான். அது மரோத்துக்கு இன்னும் வலித்தது. விதவையாகத் திரும்பி வந்த நாளிலிருந்து இந்தப் பட்டறையில் பாதி வேலை அவளுடையது. ஆனால் கண்ணை வெட்டியவன் பெயரில்தான் ஊர் சிலையைச் சொல்லும். அப்பாவின் கடைசிச் சிலையைக் கோசுவினுக்குத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

தரையில் கிடந்த கல்சில்லு ஒன்றை ஊதித் துடைத்து அப்பாவின் இமைமேல் வைத்தாள். இமை அடங்கியது.

"நீ வாசல்ல நில்லு. பாதிரியார் வந்தா பீர் குடுத்து உக்கார வை. நான் கூப்பிடாம யாரும் உள்ள வரக் கூடாது."

"கை தப்பிருச்சுன்னா ஒட்ட வைக்க முடியாதுக்கா."

"தப்பாது. போடா."

மெல்லிய உளியை எடுத்தாள். சீமாட்டியின் வலது கண் சொன்னபடி கேட்டது. இடது கண்ணுக்கு வந்ததும் நிறுத்தினாள். திரும்பி, அப்பாவின் இமைமேலிருந்த சில்லை எடுத்தாள். இமை எழும்பிப் பாதியில் நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து வெட்டினாள். முடித்ததும் சில்லை மறுபடி அதன் இடத்தில் வைத்துவிட்டு ஜாக்மாரைக் கூப்பிட்டாள்.

மதியம் வந்த மடத்துக் காரியக்காரர் முதலில் கொலாருக்காகச் சிலுவைக்குறி போட்டார். பிறகு சிலையைச் சுற்றி வந்து குனிந்தார்.

"இடது கண்ணு கொஞ்சம் சரிஞ்சாப்ல இருக்கே?"

"சீமாட்டியை நீங்க பாத்திருக்கீங்களாய்யா?"

"அவங்க போய்ச் சேர்ந்து அறுபது வருஷம் ஆச்சேம்மா."

"அப்போ எங்களை நம்புங்க."

அவர் இன்னொரு தரம் குனிந்தார். "நம்மளையே பாக்குதும்மா," என்று தலையை ஆட்டினார். "கொலார் கொலார்தான்."

மரோத் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிலையின் இமையிலிருந்த கல்தூளை ஊதினாள்.

நாலு பேர் சிலையைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். தெரு கரடுமுரடு என்பதால் காலிலிருந்து கழுத்துவரை வைக்கோல் போட்டு அமுக்கினார்கள். ஒருவன் முகத்துக்கும் ஒரு கை அள்ளினான்.

"முகத்துல போடாதீங்க!"

கத்தியது ஜாக்மார். அவன் சக்கரத்தில் ஏறி நின்று, பாதி திறந்த அந்த இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி வழிவிட்டான்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நின்றான்.