பீரோவுக்குள் வைத்த பெட்டி

எங்கள் கல்யாண மண்டபம் வேடசந்தூர் சாலையில், ஒரு நூற்பாலையை ஒட்டி இருக்கிறது. அங்கே போனில் சிக்னல் நிற்காது. அதனால் என் மருமகள் டெய்சி மண்டபம் முழுக்க வைஃபை போட்டாள். கூரையில் வைஃபையைப் பரப்ப ஐந்து வெள்ளைத் தட்டுகள். அந்த ஐந்தையும் ஆபீஸ் ரூமில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிதான் மேய்க்கும். யாரை உள்ளே விடுவது, யாருக்கு எவ்வளவு வேகம், எல்லாம் அது சொன்னபடி.

என் கொழுந்தன் மரியசெல்வத்துக்கு இது பிடிக்கவில்லை.

"மதினி, வீட்டுப் பொம்பளைய ஏணியில ஏத்தி வயர் இழுக்க வச்சா நம்ம குடும்பத்தை என்ன பேசுவாக?"

"ஏறினவ என் மருமக. ஏணியப் பிடிச்சது நான். பேசுறவகள என்கிட்ட அனுப்பு" என்றேன்.

அதன்பின் வந்த முதல் கல்யாணம் காமராஜ் மகளுடையது. பெண்ணின் அண்ணனுக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை. போட்டோக்காரர் லேப்டாப் வழியாகத் தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்ப்பதாக ஏற்பாடு.

முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது அந்த லேப்டாப் வைஃபைக்குள் நுழைய மறுத்தது.

"நேத்து வந்தவகளுக்கு ஓடுது அத்தை. இன்னைக்கு வந்த ஆளுகள விட மாட்டேங்குது. ஆபீஸ் ரூம் அலமாரியில பெட்டியவே காணோம்" என்றாள் டெய்சி. 

மரியசெல்வம் மேடைக்கு முன்னால், நாலு பேர் கேட்கச் சொன்னான். "நான் அப்பவே கம்பெனி ஆளக் கூப்பிடச் சொன்னேன். போம்மா, காமராஜ்கிட்ட மன்னிப்புக் கேளு."

எனக்குத்தான் காரணம் தெரியும். எங்கள் வீட்டில் அதிகாரம் உள்ள பொருள் எதுவும் வெளியே கிடக்காது. பத்திரமானாலும் முத்திரையானாலும் இரும்பு பீரோவில்தான்; சாவி என் இடுப்பில். ஐந்து தட்டுக்கும் தலைமையான ஒன்று திறந்த அலமாரியில் கிடப்பதா என்று, முந்தின நாள் சாயங்காலம் வயர்களைக் கழற்றிப் பெட்டியை மண்டபத்துப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் கூரைத் தட்டுகளில் விளக்கு எரிந்தது, என் போனும் வேலை செய்தது. ஒன்றும் கெடவில்லை என்று நினைத்தேன்.

பின்பக்கமாகப் போய்ச் சத்தமில்லாமல் திரும்ப மாட்டியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பழி டெய்சி பேரில் நின்றிருக்கும்.

பீரோவைத் திறந்து, பெட்டியை இரண்டு கையிலும் ஏந்தி, சபை நடுவே நடந்தேன்.

"காமராஜ், இதக் கழட்டிப் பூட்டி வச்சது நான்தான். மருமக வேலையில ஒரு குறையும் இல்ல. மன்னிப்பு நான் கேக்குறேன்."

"ஆரோக்கியம்மா நகைன்னு நெனச்சுட்டாக போல" என்று யாரோ என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நகைக்கு மேலன்னு நெனச்சுத்தான் வச்சேன்" என்றேன்.

காமராஜ் தலையாட்டினார். ஐயரிடம் போய், "பத்து நிமிசம் பொறுங்க சாமி, நேரம் இருக்குல்ல" என்றார்.

டெய்சி வயரை மாட்டினாள். பெட்டி விழித்துக்கொள்ளக் காத்திருந்தோம். மரியசெல்வம் என் காதருகே வந்தான்.

"சபையில இப்படியா மதினி? சின்னப் புள்ள ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நம்ம மரியாதை என்னாகுறது?"

"செய்யாத தப்புக்கு என் வீட்டுப் பொண்ணு தலை குனிஞ்சு வர்ற மரியாதை எனக்கு வேணாம். உனக்கு வேணும்னா நீ குனிஞ்சுக்க."

"சரி, இனிமே பாஸ்வேர்டாவது என்கிட்ட இருக்கட்டும்."

"போட்டவகிட்ட இருக்கும். எனக்கே தெரியாது, உனக்கு எதுக்கு?"

லேப்டாப்பில் மஸ்கட் பையன் முகம் தெரிந்தது. கெட்டிமேளம் கொட்டும்போது அவன் அழுதுகொண்டிருந்தான்.

மரியசெல்வம் முதல் பந்தியில் போய் உட்கார்ந்தான். டெய்சி ஆபீஸ் ரூமிலேயே நின்றாள். "அப்பறம் சாப்பிடுறேன் அத்தை."

"இப்பவே போ. உன் சின்ன மாமனாருக்கு எதிர்வரிசையில உக்காரு. நிமிந்து உக்காந்து சாப்பிடு. பெட்டிய நான் பாத்துக்கிறேன், தொடாம."