ஆறு நாற்பது

அப்பாவின் வலது கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் மகளுக்கு அது கண்ணில் பட்டது. கை அவ்வளவு சுத்தமாக இருந்தது. நகக்கண்ணில் ஒரு பொட்டு அழுக்கில்லை. நாற்பது வருடம் பேனா அழுத்தி நடுவிரலில் எழும்பியிருந்த காய்ப்புகூட இளகிப்போயிருந்தது. எட்டு மாதமாக எழுதாத கை என்பது கண் இருக்கிற யாருக்கும் தெரிந்துவிடும்.

தன் விரல்களைப் பார்த்தாள். நடுவிரல் முழுக்க நீல மை. அவசரமாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கையும் தொடச்சாச்சா?" என்று கட்டிலின் மறுபக்கத்திலிருந்து அம்மா கேட்டாள்.

"ஆச்சும்மா."

"சரி, போர்த்து."

அம்மா இன்னும் அழவில்லை. போர்வையின் சுருக்கங்களை நீவி நீவிச் சரிசெய்துகொண்டே இருந்தாள். கூடத்துச் சுவர்க்கடிகாரத்தில் மணி ஒன்பது.

படுத்திருந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. வாரப் பத்திரிகையில் பேய்த் தொடர் எழுதியே தலை நரைத்தவர். ஊரில் பாதிப் பேர் அவரைப் 'பேய்க்காரர்' என்றுதான் சொல்வார்கள். மீதிப் பாதி சொல்லாமல் படிப்பார்கள். கதவு தானாகத் திறக்கும், விளக்கு பொசுக்கென்று அணையும், பாழுங்கிணற்றுக்குள் யாரோ சிரிப்பார்கள். அவருடைய பேய்கள் வரி கட்டாத, ஓட்டுப் போடாத, யார் வம்பு தும்புக்கும் போகாத பேய்கள். காலம் கெட்டு, எழுதுகிறவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டபோதும், வாயை மூடாதவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனபோதும், அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார். "பேய்க்கு ஏதும்மா அரசியல்?" என்று சொல்லிச் சிரிப்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. வெளியே மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். எதிர்வீட்டு டாக்டருக்கும் வீட்டுக்குள் இருந்த இரண்டு பேருக்கும்தான் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவருடைய கிறுக்கலைப் பார்த்து நகலெடுத்துக் கொடுத்தவள் மகள். அச்சகத்துக்குப் போனதெல்லாம் அவள் கையெழுத்துதான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதலில் குழறிக் குழறிச் சொன்னார், எழுதினாள். இரண்டு மாதமாகப் பேச்சும் போயிற்று. அவளாகவே எழுதினாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தெருக்களில் ஜன்னல் இல்லாத ஒரு பச்சை வேன் சுற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வேனில் ஏற்றப்பட்டவர்களுக்குச் செருப்பு மாட்ட நேரம் தரமாட்டார்கள். வாசலில் செருப்பு மட்டும் கிடக்கும். வீட்டுக்காரர்களுக்கு அதை உள்ளே எடுத்து வைக்கவும் மனம் வராது, விட்டுவைக்கவும் பயம். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அவள் அதை எடுத்துத் தொடருக்குள் வைத்தாள். வெறுங்காலோடு போனவர்கள் வெறுங்காலோடு திரும்பி வந்து, ஒவ்வொரு வாசலாக நின்று, "என் செருப்பு எங்க?" என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான் கதை. விவரம் தெரியாமல் எழுதினாள் என்று சொன்னால் அது பொய். ஆனால் இப்படி ஆகும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

மூன்றாவது வாரம், நகரத்து வாசல்களில் பழஞ்செருப்புகள் முளைக்க ஆரம்பித்தன. யாரும் போட்டுக்கொள்ளாத செருப்புகள், ஜோடி ஜோடியாக. பத்திரிகை ஆசிரியர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்.

அவளும் நிறுத்தியிருக்கலாம். திடீரென்று நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்களே என்ற பயத்திலேயே எழுதினாள். பயத்தில் எழுதியதாலோ என்னவோ நன்றாக வேறு வந்து தொலைத்தது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அத்தியாயம் முடிந்ததும் கடைசித் தாளின் அடியில் தேதியும் மணியும் போட்டு ஒரு வட்டம் போடுவார். நாற்பது வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. நகலெடுக்கும்போது அவளும் அப்படியே போடுவாள். கை அதற்குப் பழகிவிட்டது. இன்று விடிகாலையிலும் கூடத்து மேசையில் உட்கார்ந்து கடைசி வரியை முடித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, 6.40 என்று எழுதி வட்டம் போட்டாள். ஏழு மணிக்கு அச்சகத்துச் சைக்கிள்காரர் மணியடித்தார். ஜன்னல் வழியாகத் தாள்கட்டைக் கொடுத்துவிட்டு, காப்பியை எடுத்துக்கொண்டு அப்பாவை எழுப்பப் போனாள்.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா போயிட்டார்மா" என்றாள்.

டாக்டர் வேட்டியோடு ஓடிவந்தார். தொட்டுப் பார்த்தார், தாடையை அசைத்துப் பார்த்தார். "மூணு மணி நேரம் ஆயிருக்கும்மா. நாலு மணி வாக்குல போயிருக்கும். நான் படிவம் எடுத்துட்டு வரேன்" என்றார்.

நாலு மணிக்குச் செத்தவர் ஆறு நாற்பதுக்கு அத்தியாயம் முடித்திருக்கிறார். அப்பா இருந்திருந்தால், "பலே, இதை வெச்சே முப்பது வாரம் ஓட்டலாம்" என்று தொடையைத் தட்டியிருப்பார். அவள் வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுக்குப் போய் அச்சகத்துக்கு போன் போட்டாள். கட்டைத் திருப்பி வாங்கிவிட்டால் போதும். எடுத்தது பழகின குரல் இல்லை. "யார் பேசறது?" என்றது அந்தக் குரல், மிகவும் மரியாதையாக. வைத்துவிட்டாள்.

பத்தரை மணிக்குத் தெருமுனையில் பச்சை வேன் திரும்பியது.

துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு ஒரே நேரத்தில் நின்றது. இரண்டு பேர் எழுந்து, வாசலில் குனிந்து தங்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் நழுவினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அம்மா மகளின் தோளைத் தொட்டாள். "மாடி வீட்டுல போய் ரெண்டு நாற்காலி வாங்கிட்டு வா."

"இப்பவாம்மா?"

"இப்பத்தான். கதவ சாத்திட்டுப் போ."

படி ஏறினாள். மாடியின் பின்பக்கம் இன்னொரு படி உண்டு. அது பின்தெருவில் இறங்கும். ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், அந்தப் படியைப் பார்த்தபடி நின்றாள். ஓடலாம். ஓடினால் கீழே அம்மா தனியாக, அப்பாவோடும் அவர்களோடும். நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

வந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஷூவைக் கழற்றாமல் அறைக்குள் நின்றிருந்தார்கள். ஒருவர் நல்ல உயரம். மற்றவர் கண்ணாடி போட்டவர், சாதுவான முகம். கண்ணாடிக்காரர் கையில் அவள் காலையில் கொடுத்த தாள்கட்டு இருந்தது. மூலையில் டாக்டர் மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு, பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க" என்றாள் அம்மா.

கண்ணாடிக்காரர் மட்டும் உட்கார்ந்தார். "வருத்தமா இருக்கு. நான் ஆறாங்கிளாஸ்லேர்ந்து இவரப் படிக்கிறேன். பாடப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சு. ஒரு வாரம் விட்டதில்ல."

அட பாவி, வாசகரா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். படிக்காதவனை ஏமாற்றலாம்.

"அதான் கேக்கறேன்" என்று தாள்களைப் புரட்டினார். "இவரு பக்கத்துக்கு நாலு 'திடீரென்று' போடுவாரு. இல்லாட்டி அவருக்குத் தூக்கம் வராது. ரெண்டு மாசமா ஒரு 'திடீரென்று'கூட இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டேன். ஏன்?"

அவள் முந்தானைக்குள் விரலை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வயசானா எழுத்து மாறாதுங்களா?" என்றாள் அம்மா.

"மாறும். ஆனா நல்லா மாறாது." கடைசித் தாளை எடுத்தார். "இது இன்னிக்கு ஆறு நாப்பதுக்கு முடிஞ்சிருக்கு. எப்ப போனாரு?"

அவள் வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏழு பத்துக்கு" என்றாள் அம்மா. "எழுதி முடிச்சாரு. சத்த நேரம் படுக்கறேன்னாரு. படுத்தாரு, அவ்ளோதான்."

உயரமானவர் மூலையைப் பார்த்தார். "டாக்டர்?"

டாக்டர் அம்மாவைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. இந்தத் தெருவில்தான் அவரும் குடியிருந்தாக வேண்டும். சுவர்க்கடிகாரத்தின் சத்தம் அந்த அறை வரைக்கும் கேட்டது. அவர் பேனா மூடியைத் திருகினார். அது ஒரு தடவையில் கழலவில்லை.

"ஏழு பத்து" என்றார். படிவத்தில் எழுதினார்.

"கடைசி வரைக்கும் எழுதினாரா? கை நல்லா இருந்ததா?" என்று உயரமானவர் கேட்டார்.

"கொஞ்சம் நடுக்கம். எழுதுவாரு" என்றார் டாக்டர்.

"கையப் பாக்கலாமா?" என்று கண்ணாடிக்காரர் எழுந்தார்.

போச்சு. எல்லாம் போச்சு. அந்தக் கையை அவளே அல்லவா பார்த்துப் பார்த்துத் துடைத்தாள்! போர்வை விலகும் சத்தம் கேட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அடுத்த சத்தம் வேன் கதவாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தாள்.

அப்பாவின் நடுவிரலில், காய்ப்பு இருந்த இடத்தில், நீல மை. நகக்கண்ணிலும் ஒரு கோடு. ஆள்காட்டி விரல் நுனியிலும் ஒற்றி எடுத்தாற்போல் கொஞ்சம். இன்று காலை வரை எழுதிய கை அப்படித்தான் இருக்கும்.

கண்ணாடிக்காரர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு அவரே அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்து மூடினார்.

"அடுத்த வாரம் அத்தியாயம் வராதில்ல?"

"செத்தவர் எப்படிங்க எழுதுவாரு?" என்றாள் அம்மா.

"இவர் கதையில எழுதுவாங்க." லேசாகச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"வராதுங்க."

"வராம இருக்கறது எல்லாருக்கும் நல்லது." தாள்கட்டைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனவர், மகளிடம் திரும்பினார். முந்தானைக்குள் மறைந்திருந்த அவள் கையை ஒரு கணம் பார்த்தார். "கடைசி ரெண்டு மாசம் ரொம்ப நல்லா எழுதினாரு உங்கப்பா" என்றார். ஷூக்கள் படியிறங்கின. வேன் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை யாரும் அசையவில்லை. டாக்டர் படிவத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனார்.

சமையலறையில் அம்மா பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிச் சோப்பைக் கரைத்தாள். "கைய விடு. சாயங்காலத்துக்குள்ள நாலு பேர் வருவாங்க."

அவள் கையை விட்டாள். சூடாக இருந்தது. அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா அழ விட்டாள்.

"நாலு மணிக்கே உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"ஏம்மா என்னைக் கூப்பிடல?"

"நீ எழுதிட்டிருந்த. பேனா சத்தம் கேட்டுது." அம்மா நாரை எடுத்து மகளின் விரலைத் தேய்த்தாள். "முடிக்கட்டும்னு உக்காந்திருந்தேன்."

மூன்று மணி நேரம். விளக்குப் போடாத அறையில், சில்லிட்டுக்கொண்டே வந்த காலைப் பிடித்துக்கொண்டு. அவள் அம்மாவையே பார்த்தாள்.

"நீதான் அப்பா கதையில ஒரு வரிகூடப் படிச்சதில்லையே. முப்பத்தஞ்சு வருஷமா சண்டை போடுவாரே."

"அவர் கதையத்தானே படிச்சதில்ல" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு, முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்த தன் கட்டைவிரலை எடுத்து, மகளின் கைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் வைத்தாள். அதிலிருந்தும் நீலம் கரைந்து வந்தது.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. இருவரும் தண்ணீரிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்கள். காலடி படியருகே நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.