எட்டு நிமிஷம் முந்திய வாட்ச்

வாட்ச் பைத்தியம் பிடித்த ஆறு பேர் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் கூடுவார்கள். கடைக்காரர் கண் பரிசோதிக்கும் அறை அது. பெரிதில் தொடங்கிப் பொடியாகிக்கொண்டே போகும் எழுத்துப் பலகைக்குக் கீழே நீளமான மேஜை, அதன்மேல் பச்சைத் துணி, துணியின்மேல் ஆளுக்கு இரண்டு மூன்றாக வாட்சுகள். பேட்டரி வாட்சுக்கு அந்த மேஜையில் இடமில்லை. சாவி முடுக்கி ஓடுவது, கை வீசினால் தானாகவே சாவி ஏறிக்கொள்வது, இரண்டும்தான் உண்டு. வாட்சின் உள்ளே ஓடுவதை அவர்கள் மெஷின் என்பார்கள். பின்மூடியைத் திறந்து மெஷினைக் காட்டாதவரை எவ்வளவு பகட்டான வாட்சையும் சீந்த மாட்டார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவனுக்குப் பெயர் பல்செட். பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். மெழுகிலும் பிளாஸ்டரிலும் கடுகளவு வேலை பார்த்துப் பழகிய விரல்கள், நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய வாட்சைத் திறந்து பார்த்ததிலிருந்து வாட்சுக்கே அடிமையாகிவிட்டன. மற்ற ஞாயிறுகளில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறவன், இன்றைக்கு ஒவ்வொரு படியாக ஏறினான். காரணம், அவன் பின்னாலேயே அத்தான் வந்துகொண்டிருந்தார்.

அத்தான், அவனுடைய அக்காவின் கணவர், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று மைக்கில் சொல்லி விசில் ஊதுகிறவர். அந்த ஆபீஸ் சுவர்க்கடிகாரம் நின்று மாமாங்கம் ஆகிறது. பதினோரு வருஷமாக அத்தான் கையில் கட்டியிருந்த வாட்ச்தான் ஸ்டாண்டுக்கே மணி. அதே மாடலில் அவனிடமும் ஒன்று உண்டு. "அத்தான், எண்ணெய் காய்ஞ்சிருக்கும், கழட்டிச் சுத்தம் பண்ணித் தரேன்" என்று போன மாதம் அவனே வலியப் போய் அதை வாங்கி வந்தான்.

அங்கேதான் வினை. மெஷினுக்குள் முன்னும் பின்னும் ஆடும் ஒரு சின்னச் சக்கரம் உண்டு, பேலன்ஸ் என்பார்கள். அதை ஆட்டுவிப்பது முடியைவிட மெல்லிய ஒரு சுருள். சுருளோடு சேர்த்து அந்தச் சக்கரத்தைத் தூக்கும்போது இடுக்கி நழுவி, பேலன்ஸ் மேஜையில் விழுந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தான். சுருள் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது போலிருந்தது. அவனுக்கு உயிரே போய்விட்டது. அரைமணி நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு காரியம் செய்தான். தன் வாட்சைத் திறந்து, அதிலிருந்த பேலன்சை எடுத்து அத்தான் வாட்சில் பொருத்தினான். விழுந்ததைத் தன்னுடையதில் போட்டுக்கொண்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒன்பது நாள் அத்தான் வாட்ச் சொன்ன சொல் தவறாமல் ஓடியது. பத்தாவது நாளிலிருந்து தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு எட்டு நிமிஷம் முந்தியது. அன்றைக்கே, அரை நாள் ஓடியதற்குள், மாலை ஆறு மணி பஸ் நாலு நிமிஷம் முன்னதாகக் கிளம்பிவிட, ஓடி வந்த பதினேழு பேர் வெறும் ஸ்டாண்டைப் பார்த்து நின்றார்கள். புகார் போனது. அத்தானுக்கு மெமோ வந்தது.

அன்றைக்கு அக்கா போனில் பிடித்த பிடி இன்னும் விடவில்லை. "பல்லைத் தட்டிக்கிட்டிருந்தவனுக்கு வாட்ச் எதுக்குடா? அவர் வேலைக்கே வேட்டு வெச்சிட்டியே." தினம் ஒரு போன், தினம் ஒரு அர்ச்சனை. அத்தான் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவனை இன்னும் அறுத்தது. திட்டிவிட்டாலாவது சாப்பாடு இறங்கும். நேற்று அவரே போன் செய்து, "மாப்ள, நாளைக்கு உங்க கூட்டத்துக்கு நானும் வரட்டுமா? அந்த வாட்சை நாலு பேர் பார்க்கட்டும்" என்று கேட்டார். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

மாடியில் வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது. கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவரை எல்லோரும் கப்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். சாவி முடுக்கும் மெஷின்தான் மெஷின் என்பது அவர் கட்சி. "தானா சாவி ஏறுறது சோம்பேறிங்களுக்கு" என்றார். பாட்டு டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. "உங்க மெஷின் நொடிக்கு அஞ்சு அடி அடிக்கும், என்னுது எட்டு. காதுல வெச்சுக் கேளுங்க சார், உங்களுது நொண்டுற மாதிரி இருக்கும்." டீச்சருக்கு வேகம் அளக்கும் பெட்டி தேவையில்லை. காதில் வைத்தே மெஷினின் வேகத்தைச் சொல்லிவிடுவார்.

அத்தானை அவன் அறிமுகப்படுத்தினான். சண்டை நின்றது. நாற்காலி வந்தது. வாட்ச் பச்சைத் துணிமேல் வந்து உட்கார்ந்தது. அத்தான் விஷயத்தைச் சொன்னார், மெமோவையும் சொன்னார், மச்சானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டீச்சர் வாட்சைக் காதருகே கொண்டுபோனார். புருவம் சுருங்கியது. "தாளம் ஓடுதே."

கண்ணாடிக்கடைக்காரர், டிக் சத்தத்தைக் கேட்டு வேகத்தைக் காட்டும் பெட்டியில் அதைப் பொருத்தினார். நல்ல வாட்சுக்குத் திரையில் படுத்தவாக்கில் போக வேண்டிய கோடு, ஏணி சாய்த்தது போல் மேலே ஏறியது. எல்லோரும் மேஜைமேல் குனிந்தார்கள்.

"சமீபத்துல யார் திறந்தது?" என்று கேட்டார் கப்பல்.

இனி மறைத்துப் பயனில்லை என்பதைவிட, இனி மறைக்கத் தெம்பில்லை என்பதுதான் நிஜம். "நான்தான்" என்றான். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. இடுக்கி நழுவியது, பேலன்ஸ் விழுந்தது, மாற்றிப் போட்டது, எல்லாவற்றையும் கொட்டினான். "இதுல இருக்கிறது என் வாட்சோட பேலன்ஸ், அத்தான். உங்களுது என்கிட்ட இருக்கு. பொருத்தும்போது எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன். சொல்லத் தைரியம் வரலை."

அத்தான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்று அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"விழுந்த பேலன்ஸ் உன் கையில இப்ப எப்படி ஓடுது?" என்றார் கப்பல்.

"நாளைக்குப் பதினஞ்சு செகண்ட் பிந்துது. அவ்வளவுதான்."

"அப்போ விழுந்ததே ஓடுது. நல்லதுக்கு என்ன வந்தது?" கப்பல் தன் சாவிக்கொத்தை எடுத்தார். அதில் நாலணா அளவில் ஒரு திசைகாட்டி தொங்கியது. முதலில் பல்செட்டின் வாட்சுக்கு அருகில் வைத்தார். முள் அசையவில்லை. அத்தான் வாட்சுக்கு அருகில் கொண்டுபோனதும் முள் வெடுக்கென்று திரும்பி வாட்சைப் பார்த்து நின்றது. நகர்த்த நகர்த்தக் கூடவே வந்தது.

"காந்தம் ஏறியிருக்கு" என்றார் கப்பல், ஜலதோஷம் என்று சொல்லும் டாக்டர் மாதிரி. "சுருளோட வளையங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. சுருள் குட்டையான மாதிரி ஆயிடும், சக்கரம் வேகமா ஆடும். கழட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டாண்டுல காந்தம் இருக்கிற எதுக்காவது பக்கத்துல வெச்சீங்களா?"

அத்தான் தலையைச் சொறிந்தார். "புது ஸ்பீக்கர் வந்துது. பானை சைஸ். மேஜைமேலதான் இருக்கு. ரிஜிஸ்டர் எழுதும்போது ஸ்டிராப் உறுத்தும், அதனால வாட்சைக் கழட்டி அதுமேல வைப்பேன்." தரையைப் பார்த்தபடி சொன்னார்: "முதல் நாளே அதுமேலேருந்து கீழ விழுந்துடுச்சு. மறுநாள்லேருந்துதான் இப்படி. நான்தான் போட்டு உடைச்சுட்டேன்னு நினைச்சேன். நீ மெனக்கெட்டு சுத்தம் பண்ணிக் கொடுத்ததாச்சே, எப்படிச் சொல்றதுன்னு வாயை மூடிட்டேன். உங்க அக்கா உன்னைத் திட்டுறப்ப குறுக்க விழுந்து சொல்லியிருக்கணும். சொல்லலை மாப்ள."

பன்னிரண்டு நாள் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி ஓரமாக வைத்ததுபோல் இருந்தது அவனுக்கு. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினான். டீச்சர் நாசூக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் அலமாரியிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு நீலப் பெட்டியை எடுத்துப் பிளக்கில் சொருகினார். வாட்சை அதன்மேல் வைத்துப் பொத்தானை அழுத்தி, மெதுவாக மேலே தூக்கிக்கொண்டே போனார். அவ்வளவுதான். மூச்சு ஒன்று இழுத்து விடும் நேரம். திசைகாட்டியைக் கொண்டுவந்தால் முள் கண்டுகொள்ளவே இல்லை. திரையில் கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. நாளைக்கு ஆறு செகண்ட் முந்துகிறது என்று பெட்டி காட்டியது.

"ஆறு செகண்டுக்கு எந்த பஸ்ஸும் போயிடாது" என்றார் டீச்சர்.

அத்தான் அப்போதுதான் முதுகை நாற்காலியில் சாய்த்தார். "நாளைக்கு மெமோவுக்கு விளக்கம் எழுதணும். என்னத்தை எழுதுறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். இப்ப எழுத ஒரு விஷயம் இருக்கு." திரையில் தெரிந்த இரண்டு கோடுகளையும் தாளில் வரைந்து, கடை முத்திரை வைத்துத் தருவதாகக் கண்ணாடிக்கடைக்காரர் சொன்னார்.

"பேலன்சைத் திரும்ப மாத்திப் போட்டுடறேன், அத்தான்" என்றான் அவன்.

"நல்லதை எனக்குக் கொடுத்துட்டு விழுந்ததை நீ கட்டிக்கிட்டு அலைஞ்சியாக்கும்" என்றார் அவர். "இப்படியே இருக்கட்டும். மறுபடி இடுக்கி நழுவினா என் உடம்பு தாங்காது."

அக்காவுக்குப் போன் போட்டான். முழுக்கதையையும் அவள் குறுக்கே பேசாமல் கேட்டது அதுவே முதல் தடவை.

"அப்போ பன்னெண்டு நாளா உன்னைத் திட்டினேனே, அது?"

"பரவாயில்லைக்கா."

"உனக்குப் பரவாயில்லை. எனக்குத் தொண்டை போச்சு." குரல் கொஞ்சம் இளகியது. "நீ மத்தியானம் சாப்பிட இங்க வந்துடு. அவரை முன்னாடி அனுப்பு. அவருக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கு."

அவன் சொன்னதைக் கேட்டு அத்தான் மணி பார்த்தார். பிறகு நாற்காலியை மேஜைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, டீச்சரிடம், "அந்த எட்டடி மெஷினைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன், எனக்கு அவசரமில்லை" என்றார்.