நடுத்துண்டு

பாண்டிச்செல்வி கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. விமான எஞ்சினில் அனலுக்கு நடுவே சுழலும் தகடுகளை நிக்கல் கலப்பு உலோகத்தில் வார்த்து, மேலே அலுமினியம் கலந்த காப்புப் பூச்சு கொடுப்பார்கள். சூடு ஏற ஏறப் பூச்சிலுள்ள அலுமினியம் உள்ளே இறங்கும், அடியிலுள்ள நிக்கல் மேலே வரும். இந்தக் கொடுக்கல் வாங்கல் முற்றினால் காவலுக்கு நின்ற பூச்சே காணாமல் போகும். நடுவில் மெல்லிய தடுப்புப் படலம் ஒன்று போட்டால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும் என்பது அவள் கட்சி. நிரூபித்தால் டாக்டர் பட்டம். இல்லையென்றால் இத்தனை வருடப் பாடும் விழலுக்கு இறைத்த நீர்.

கையில் மிஞ்சியது படலம் போட்ட மூன்றே துண்டு; புதிதாகச் செய்யப் பணமில்லை. மூன்றையும் ஆயிரத்து நூறு டிகிரி உலையில் வரிசையாக வைத்து எடுத்து, வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்தாள். ஓரத்துத் துண்டுகள் இரண்டிலும் படலம் அப்படியே நின்றது. நடுத்துண்டில் பூச்சு எங்கே முடிகிறது, உலோகம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஒரே பூச்சு, ஒரே உலை, ஒரே சூடு.

எக்ஸ்ரே சோதனையில் நடுத்துண்டில் கால்சியமும் பொட்டாசியமும் இருந்தன. அவளுடைய உலோகத்திலும் இல்லை, பூச்சிலும் இல்லை, எங்கிருந்து வந்தன? தண்ணீரைச் சந்தேகித்தாள், உலைச் செங்கல்லைச் சந்தேகித்தாள், காற்றில் வரும் புழுதியைக்கூட விடவில்லை. காரணத்தைக் காட்டினால் அந்தத் துண்டைத் தள்ளிவிடலாம், மற்ற இரண்டே போதும் என்றார் வழிகாட்டி அப்துல் ரஹ்மான்.

அப்போதுதான் உலைக் கதவில் காய்ந்து கிடந்த குங்குமம் கண்ணில் பட்டது. உலையில் வைப்பதற்கு முதல்நாள் ஆயுத பூஜை. துண்டுகள் தட்டோடு உலைக்கு முன்னால்தான் இருந்தன. குங்குமத்தில் சுண்ணாம்பு, அது கால்சியம்; திருநீற்றில் சாம்பல், அது பொட்டாசியம். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. பூஜை போட்ட ஆய்வக உதவியாளர் கொம்பையாவிடம் ஓடினாள். நடுத்துண்டுக்குப் பொட்டு வைத்தீர்களா என்று கேட்டாள்.

"அதென்ன தாயி, ஒண்ணுக்கு வச்சிட்டு ரெண்ட விடலாமா? மூணுக்குந்தான் வச்சேன். துன்னூறும் பூசினேன். மறுநா நீ வாரதுக்குள்ள தொடச்சும் வச்சிட்டேன்."

நன்றாக இருந்த இரண்டையும் அதுவரை யார் சோதித்தார்கள்? ஓரத்துத் துண்டுகளை இப்போதுதான் சோதித்தாள். இரண்டிலும் அதே கால்சியம், அதே பொட்டாசியம். அப்படியென்றால் நடுத்துண்டைக் கெடுத்தது பொட்டா, படலமா? இந்த இரண்டையும் காத்தது எது? ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான துண்டு ஒன்றுகூட இல்லை. கொம்பையாமேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

பின்னாலேயே வந்து நின்ற கொம்பையா ஆசையாகக் கேட்டார்: "நல்லாத்தான வந்திருக்கு?"

"தெரியல அண்ணாச்சி. இனிமே தெரியவும் வழியில்ல."