வேலாயி பேரில் என் இரத்தம்

2007ஆம் ஆண்டு கண்டியிலிருந்து டொக்டர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர்களின் இரத்தத்தில் அழற்சி கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். கூடியிருந்தால் கண்ணும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கலாமாம். அப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் கண் மெஷினுக்கு அனுப்புவார்களாம். இரத்தம் கொடுக்கிறவர்கள் அன்று மலைக்குப் போக வேண்டாம், முழு நாள் பேர் போட்டுச் சம்பளம் கிடைக்கும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

பட்டியலில் என் அக்கா வேலாயியின் பெயர் இருந்தது. எனக்குச் சீனி இல்லை. சோம்பல் மட்டும் தாராளமாக இருந்தது. வெளியே அடைமழை, அட்டைக்கடி. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினால் போதும் என்றால் விடுவேனா?

“நீ என் பேருல கொழுந்து எடு. நான் ஒன் பேருல ரத்தம் குடுத்துட்டு வாறேன்” என்றேன். எங்கள் லயத்து வீடுகளில் இது புதிதல்ல. ஒருத்திக்கு முடியாவிட்டால் இன்னொருத்தி அவள் பேரில் மலை ஏறுவாள். கங்காணியும் கண்டுகொள்ள மாட்டார்.

அக்கா தயங்கினாள். “கண்ணுல புகை படிஞ்ச மாதிரி இருக்குடி நாகு. நானே போறேனே.”

“ஒரு தாய் வயித்து ரத்தந்தானே! ஒன்னோடது வேற, என்னோடது வேறயா?”

அவள் கூடையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். எங்களைத் தெரிந்த தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்காரர் அன்று லீவு. ‘வேலாயி’ என்று கூப்பிட்டதும் எழுந்து போய்க் கையை நீட்டினேன். பிறகு கொடுத்த பிஸ்கட்டையும் பிளேன்டீயையும் நிதானமாகச் சாப்பிட்டேன்.

மூன்று வாரத்தில் தாள் வந்தது. வேலாயிக்கு அழற்சி இல்லை, அவசரமில்லை. ஏதோ நானே சம்பாதித்துக் கொடுத்ததைப் போல அதை அக்காவிடம் நீட்டினேன். அவள் நம்பினாள். நானும் நம்பினேன் என்பதுதான் வெட்கக்கேடு.

பத்து மாதம் கழித்து ஒரு காலையில் அவளுடைய வலது கண் இருண்டது. டவுன் கண் கிளினிக்கில், அன்று வந்த அதே டொக்டரம்மா இருந்தார். உள்ளே இரத்தம் கசிந்து கண் முற்றாகக் கெட்டுவிட்டது, இடது கண்ணையாவது காப்பாற்றப் பார்ப்போம் என்றார். பிறகு நாங்கள் கொண்டுபோயிருந்த அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கண் இவ்வளவு மோசம். இரத்தம் எப்படி நல்லா வந்தது? எங்க டெஸ்ட் பிழையா?”

உண்மையைச் சொல்லாவிட்டால் இந்தத் தாளை நம்பி இடது கண்ணையும் விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

“அது அக்கா ரத்தம் இல்லீங்க. நான் குடுத்தது.”

டொக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “யார் சொல்லி அப்படிச் செய்தீங்க?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, டொக்டரம்மாவின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“நாந்தாங்க அனுப்புனேன். ஊசின்னா எனக்குப் பயம். அவ மாட்டேன்னுதான் சொன்னா.”

“உங்க கண்ணை நீங்களே கெடுத்துக்கிட்டீங்க” என்று டொக்டரம்மா அவளை ஏசினார். அக்கா தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.